பொறுப்பதற்கும் புறப்படுவதற்கும் நடுவே

நாய்க்குப் பேறுகாலம் பார்க்கப் போகிறவன் கையில் முதலில் இருக்க வேண்டியவை ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும். கையுறை, கத்தரிக்கோல், நூல், மருந்து எல்லாம் அதற்கு அப்புறம். எத்தனை மணிக்கு முக்க ஆரம்பித்தது, எத்தனை மணிக்குக் குட்டி விழுந்தது, நஞ்சுக்கொடி வந்ததா என்று எழுதி வைக்காதவனுக்கு, விடியற்காலை மூன்று மணிக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. “இப்பதான் முக்குன மாதிரி இருந்துச்சு” என்பான். அதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். உள்ளே இருக்கிற குட்டியின் உயிர் போவது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

சங்கரன்கோவிலில் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன். நான் மருத்துவன் இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்க்கிறவன். என் வீட்டு நாய்களுக்குப் பார்த்துப் பழகி, பிறகு கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போகத் தொடங்கினேன். கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது பாதி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எதுவரை பொறுப்பது, எப்போது வண்டியை எடுப்பது என்று தெரிந்திருப்பதே இந்த வேலையில் முக்கால்வாசி. கையால் செய்கிற வேலை கொஞ்சம்தான்.

எங்கள் ஊரைச் சுற்றி இருப்பது நாட்டு நாய்களின் பூமி. கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டிக் கரிசல் காடுகளில் கன்னி; வடகிழக்கே விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை; வடக்கே ராஜபாளையம். முயல் விரட்டிய காலத்து உடம்பு இவற்றுக்கு. ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட ஒடுங்கிய தலை. 1972-இன் வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை குற்றமாகிவிட்டாலும் உடம்பு மாறவில்லை. அந்த ஒடுங்கிய தலை பிறப்புக்கு நல்லது. பக், புல்டாக் மாதிரித் தலை பெருத்து மூக்குச் சப்பிய இனங்களில் குட்டி இடுப்பெலும்பில் சிக்கி, பெரும்பாலும் அறுவை சிகிச்சை வரைக்கும் போய்விடும். நம் நாய்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. “நாட்டு நாய்தானே, தானா போட்டுரும்” என்று ஊரில் சொல்வதும் இதனால்தான். அந்தத் தைரியம் பெரும்பாலும் பொய்த்துப் போவதில்லை. பிசகுகிற ஒரு ராத்திரியில் மட்டும், அதே தைரியம் நம்மை நேரம் போவதே தெரியாமல் உட்கார வைத்துவிடும்.

நாள் கணக்கு

எல்லாம் நாள் கணக்கில் தொடங்குகிறது. “அறுபது நாள்ல போட்டுரும்” என்பார்கள். கணக்கு அவ்வளவு எளிது இல்லை. ஆண் நாயின் விந்து பொட்டையின் உடம்புக்குள் ஐந்தாறு நாள்கூட உயிரோடு இருக்கும். பொட்டையின் கருமுட்டையோ வெளிவந்த பிறகு முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். இணை சேர்ந்த நாளும் கரு உண்டான நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் 63 நாள், ஒன்றிரண்டு முன்பின். இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எங்கேயும் வரலாம். ஆகவே முதல் இணை, கடைசி இணை இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

வயிற்றைப் பார்த்து முடிவு செய்வது நம் நாய்களிடம் நடக்காது. விலா எலும்புக்குள்ளேயே குட்டிகள் அடங்கிக் கிடக்கும். ஐந்தாறு வாரம் வரைக்கும் சினை என்றே தெரியாத பொட்டைகள் உண்டு. ஒரு மாதம் ஆனதும் ஸ்கேன் பார்த்தால் சினை உறுதியாகும். குட்டிகளின் நெஞ்சு துடிப்பதையும் பார்க்கலாம். 55 நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்கூடுகளை எண்ணிவிடலாம். இந்த எண்ணிக்கைக்காகச் செலவழிக்கிற காசு வீண் இல்லை. ஆறு குட்டி என்று தெரிந்திருந்தால், ஐந்தோடு தாய் அசந்து தூங்கும்போது நாம் தூங்கமாட்டோம்.

58-ஆம் நாளிலிருந்து காலை, மாலை, ராத்திரி என்று உடம்புச் சூட்டைப் பார்க்கிறேன். மெடிக்கலில் கிடைக்கிற சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்க வேண்டும். நாய்க்கு இயல்பான சூடு 101, 102 டிகிரி பாரன்ஹீட். பிரசவம் நெருங்கியதும் சினையைத் தாங்கி நிற்கிற புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு திடீரென்று இறங்கும். அதோடு சூடும் 99-க்குக் கீழே வந்துவிடும். வந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் நோவு எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது. இந்த இறக்கம் சில மணி நேரமே நிற்கும் என்பதால், நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர்களுக்குத் தப்பிப்போகும்.

படுக்கை

பேறுகாலத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே அதன் இடத்தை அதற்குக் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ஒரு இடம் பார்த்துக்கொள்ளும். வைக்கோல் படப்பு, விறகு அடுக்குக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் மண்ணைத் தோண்டி என்று போய்ப் படுத்தால், உதவி தேவைப்படும்போது நம் கை எட்டாது. சிப்பிப்பாறைக்கு நாலடிக்கு நாலடிப் பலகைப் பெட்டி சரியாக இருக்கும். முன்பக்கம் தாய் தாண்டுகிற உயரத்தில், குட்டி தாண்டாத உயரத்தில். உள்ளே நாலு சுவரிலும் தரையிலிருந்து சற்று மேலே ஒரு சட்டம் ஓட வேண்டும். தாய் சுவரோரம் சாயும்போது முதுகுக்குப் பின்னால் மாட்டிய குட்டி நசுங்காமல், அந்தச் சட்டத்துக்கு அடியில் கிடந்து பிழைத்துக்கொள்ளும்.

விரிப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சம் இல்லை. விசைத்தறி ஊர், பழைய பருத்திச் சேலையும் துண்டும் எந்த வீட்டிலும் கிடைக்கும். துவைத்து வெயிலில் காய வைத்து அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஓரம் பிரிந்த துணியில் தொங்குகிற நூல், ஊர்ந்து திரிகிற குட்டியின் காலையோ கழுத்தையோ சுற்றிக்கொள்ளும். பாதம் வீங்கிப் போன பிறகுதான் கண்ணில் படும். விரிக்கும் முன் ஓரத்து நூலையெல்லாம் கத்தரித்துவிடுவேன். அதே தறி நூலில் சிறு துண்டுகளை வெந்நீரில் கொதிக்கவிட்டு, பொவிடோன் அயோடினில் ஊறப்போட்டு மூடி வைப்பேன். தொப்புள்கொடி கட்ட அதுவே போதும்.

நாள் ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி வருகிறது என்றால் கூடுதலாக யோசிக்க வேண்டும். ரத வீதிகளைச் சுற்றி வண்டி நகராது. வெடிச் சத்தமும் மைக் சத்தமும் ஓயாது. முன்கூட்டியே ஊருக்கு வெளியே ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டு, அந்த இடத்துக்குப் பழக்கிவிடுவது நல்லது.

நோவு

முதல் கட்டத்தில் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. சோறு தின்னாது, சில சமயம் தின்றதையும் கக்கிவிடும். மூச்சிரைக்கும், நடுங்கும், துணியைக் காலால் பிறாண்டிப் பிறாண்டிக் குவிக்கும், எழுந்து சுற்றி மறுபடி படுக்கும். இது ஆறு மணி நேரமும் நீளலாம், பன்னிரண்டும் ஆகலாம். தலைச்சன் பொட்டைக்கு அதற்கு மேலும் போகும். உள்ளே கருப்பையின் வாய் மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருப்பது, விளக்கைக் குறைப்பது, தண்ணீர் வைப்பது. தெருவே கூடி எட்டிப் பார்க்கிற வீட்டில் நோவு நின்றுபோவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. குட்டி வழியில் வந்து அழுத்தும்போது மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பையை இறுக்குகிறது. பயந்தால் சுரக்கிற அட்ரினலின் அந்த இறுக்கத்தைத் தடுத்துவிடுகிறது. ஆட்களை வெளியே அனுப்புவதும் மருத்துவம்தான்.

இரண்டாம் கட்டத்தில் முக்குவது கண்ணுக்குத் தெரியும். வயிறு இறுகும், வால் ஒரு பக்கமாக விலகும், பனிக்குடம் சாம்பல் நிறக் குமிழியாக எட்டிப் பார்க்கும். இங்கேதான் நோட்டில் மணி எழுத வேண்டும்.

தறி ஓட்டுகிற ஒரு தம்பி வீட்டில் செவலைச் சிப்பிப்பாறைக்குப் பார்த்த ராத்திரியைச் சொல்கிறேன். இரண்டு குட்டி நல்லபடியாக வந்து பால் குடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவதுக்கு நேரம் ஓடியது.

“இன்னும் பொறுக்கணுமா அண்ணாச்சி?”

“பொறுக்கலாம் தம்பி. அது முக்கலையே, படுத்துக் கெடக்கு. ரெண்டு குட்டிக்கு எடையில கொஞ்சம் அசந்து படுக்கும். முக்க ஆரம்பிக்கட்டும், அப்பம் மணியப் பாப்போம்.”

கொஞ்ச நேரத்தில் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி முக்கியது. முதலில் தெரிந்தது இரண்டு பின்னங்கால், வால். அந்த வீட்டு ஆச்சி வாசலில் இருந்தபடியே, “தலை வரலியே, கால்லா வருது” என்று பதறினார். மாட்டுக்கு இது பெரிய சிக்கல். நாய்க்கு அப்படி இல்லை. பத்துக் குட்டிக்கு நாலு பின்பக்கமாகவே வரும், அதுவும் இயல்புதான். பின்னங்கால் இரண்டும் மடங்கி, பிட்டம் மட்டும் வந்து அடைத்தால்தான் ஆபத்து. இங்கே கால் இரண்டும் நீட்டியே இருந்தன. அடுத்த முக்கில் இடுப்புவரை வந்தது, அதோடு நின்றது. பின்பக்கமாக வருகிற குட்டி பாதியில் நின்றால் தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி உள்ளே நெருக்கப்படும்; தலை இன்னும் வெளியே வராததால் மூச்சு விட வழி இல்லை. சுத்தமான துண்டை வைத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். வெறும் கையில் வழுக்கும். காலைப் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும். தாய் முக்குகிறபோது மட்டும், நேராக இழுக்காமல், தாயின் பின்னங்கால்களை நோக்கிக் கீழே வளைத்து, மெல்ல. முக்கு நின்றதும் என் கையும் நிற்கும். மறு முக்கில் முழுசாக வந்து விழுந்தது.

அசைவு இல்லை. பனிக்குடத்தை மூக்குப் பக்கம் கிள்ளிக் கிழித்து, வாயிலும் மூக்கிலும் இருந்த சளியைத் துணி நுனியால் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, முதுகையும் விலாவையும் துண்டால் அழுத்தித் தேய்த்தேன். தாய் நக்குவதும் இதற்குத்தான். அது நாக்கால் செய்வதை நாம் துணியால் செய்கிறோம். நெஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தால் துடிப்பு இருந்தது. துடிப்பு இருக்கிறவரை விடக் கூடாது. நீல நிறத்தில் இருந்த நாக்கு மெல்லச் சிவந்தது. வாய் ஒருமுறை அகலத் திறந்தது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம். தாய் தலையைத் திருப்பிப் பார்த்ததும் குட்டியை அதன் வாய்க்கருகே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

சிலர் இப்படி அசைவில்லாத குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசிச் சுழற்றுவார்கள். வேண்டவே வேண்டாம். பிறந்த குட்டியின் மூளை அந்த வேகத்தைத் தாங்காது, உள்ளே ரத்தம் கசியும். தேய்ப்பதும் துடைப்பதும் சூடாக வைத்திருப்பதும்தான் வழி.

தொப்புள்கொடியைத் தாயே கடித்துவிடும். கடிக்காவிட்டால், கொடியில் இருக்கிற ரத்தத்தைக் குட்டி பக்கமாக நீவிவிட்டு, வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, அயோடின் தொட்டு வைக்க வேண்டும். எங்கள் ஊரில் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. உடம்புக்கு முடியாத ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் அன்போடு பூசுவார்கள். தாயின் நெற்றியில் பூசிக்கொள்ளட்டும். தொப்புளில் மண்ணோ மஞ்சளோ சாம்பலோ எதுவும் படக் கூடாது என்று கேட்டுக்கொள்வேன். அது திறந்த காயம். நேரே ஈரலுக்குப் போகிற வழி.

புறப்படுகிற நேரம்

கீழே சொல்கிற எதைக் கண்டாலும் பொறுப்பதை நிறுத்திவிட வேண்டும். விடாமல் பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லை. விட்டு விட்டு முக்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் குட்டி உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் நாலு மணி நேரமாக ஒன்றும் நடக்கவில்லை. முதல் குட்டி வரும் முன்பே கரும்பச்சை நீர் வருகிறது. சிவப்பாக ரத்தம் நிற்காமல் போகிறது. குட்டி பாதியில் சிக்கி, மெல்லப் பிடித்தும் வரவில்லை. தாய் தலை தூக்க முடியாமல் கிடக்கிறது.

கரும்பச்சையை விளக்கிச் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பிரிகிற இடத்தில் உண்டாகிற நிறம் அது. முதல் குட்டி பிறந்த பிறகு வந்தால் இயல்பு. அதற்கு முன்னால் வந்தால், உள்ளே ஒரு குட்டிக்குத் தாயோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அதற்கு மூச்சு மிச்சம் இருப்பது சில நிமிஷமாக இருக்கலாம்.

இந்த நேரக் கணக்கெல்லாம் மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களுக்கானது. நமக்கு ராத்திரியில் அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் திருநெல்வேலிதான். 50 கிலோமீட்டருக்கு மேல். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் தாண்டினால் நகருக்கு முன்னாலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிடுகிறது. 2012-இல் அது வந்தது இந்தப் பக்கத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் வண்டி பிடித்து, போய் இறங்கி, மருத்துவர் பார்த்து, மயக்கம் கொடுத்துக் கத்தி வைக்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். புத்தகத்தில் இரண்டு மணி என்று போட்டிருந்தால், நமக்கு அது அரை மணிதான். சாலையில் போகிற நேரத்தைக் கழித்துத்தான் பொறுக்க வேண்டும்.

நாள் நெருங்கியதுமே மூன்று காரியத்தை முடித்துவிடச் சொல்வேன். ராத்திரியில் எடுக்கிற மருத்துவர் யார் என்று பகலிலேயே போய்க் கேட்டுவருவது. வண்டிக்காரரிடம் சொல்லி வைப்பது. கையில் கொஞ்சம் பணம் வைப்பது. மருத்துவரிடம் போனதும் நோட்டைக் காட்டினால் அவர் வேலை பாதி குறையும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரிக் கொழுப்பில்லாத உடம்புக்கு மயக்க மருந்தில் கவனம் வேண்டும் என்பதால், என்ன இனம் என்பதையும் சொல்ல வேண்டும். போகிற வழியில் வண்டிக் குலுக்கலிலேயே குட்டி விழுந்துவிடுவதும் உண்டு. விழுந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். நஷ்டம் பெட்ரோல் மட்டும்தான்.

“ஒரு ஊசி போட்டா வந்துருமே அண்ணாச்சி” என்று கேட்காத வீடு இல்லை. அந்த ஊசி ஆக்ஸிடோசின். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போதோ, கருப்பை வாய் திறக்காதபோதோ போட்டால், வழியில்லாத இடத்தில் கருப்பை இறுகும். கிழிந்துபோகலாம், நஞ்சுக்கொடிகள் முன்கூட்டியே பிரிந்து மிச்சக் குட்டிகள் மூச்சு முட்டிச் சாகலாம். தடை இல்லை என்று சோதித்துப் பார்த்த மருத்துவர் கையில் அது நல்ல மருந்து. வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது. நான் தொடுவதில்லை.

முதல் நாட்கள்

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி. பெரும்பாலும் குட்டி விழுந்து கால் மணி நேரத்துக்குள் வரும். சில சமயம் இரண்டு குட்டிக்குச் சேர்ந்து வரும். நோட்டில் கோடு போட்டு எண்ண வேண்டும். தாய் தின்றுவிடும்; ஒன்றிரண்டு தின்பதால் கெடுதல் இல்லை. எல்லாவற்றையும் தின்றால் வயிற்றால் போகும், அதனால் மிச்சத்தை எடுத்துவிடுவேன்.

பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது. உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முதல் வாரத்தில் அதற்கு வழி இல்லை. அதன் சூடு 95, 96 டிகிரிதான். படுத்திருக்கிற இடம் 85-லிருந்து 90 டிகிரி இருக்க வேண்டும். சித்திரையில் எங்கள் ஊரில் அது தானாகவே இருக்கும். அப்போது தாய்க்கு மூச்சிரைக்காமல் காற்றோட்டம் பார்க்க வேண்டும். மார்கழி விடியலில் சிமெண்டுத் தரை குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் மட்டும் பல்ப் தொங்கவிட்டால், சூடு வேண்டிய குட்டி அங்கே போகும், வேண்டாதது விலகும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர். தனித்தனியே விலகிக் கிடந்து கத்தினால் சூடு. அமைதியாகத் தூங்கினால் சரி.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. சூடில்லாத குடல் வேலை செய்யாது. பால் உள்ளேயே தங்கிக் கெடும். முதலில் மெல்லச் சூடேற்றி, பிறகு பால். அந்தப் பாலும் முதல் நாளில் சீம்பாலாக இருக்க வேண்டும். நாயின் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பகுதி சீம்பாலில்தான் வருகிறது. அதை உள்வாங்குகிற குடல் பிறந்த 24 மணி நேரத்துக்குள் அடைத்துக்கொள்ளும். பலமான குட்டி நல்ல காம்பைப் பிடித்துக்கொண்டு பலவீனமானதைத் தள்ளிவிடும். பலவீனமானதைத் தூக்கி, பால் நிறைந்த பின்காம்பில் பிடித்து வைத்து, அது சப்புகிறவரை காத்திருப்பேன். புட்டியில் கொடுக்க வேண்டி வந்தால் குப்புறப் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுப்பதுபோல மல்லாத்திக் கொடுத்தால் பால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

தினமும் எடை பார்க்க வேண்டும். கண்ணுக்கு நன்றாக இருக்கிற குட்டியின் சரிவு தராசில்தான் முதலில் தெரியும். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதன் பிறகு தினமும் ஏற வேண்டும். எட்டுப் பத்து நாளில் இரட்டிக்க வேண்டும். எல்லாம் ஒரே செவலையாக இருந்தால் அடையாளத்துக்கு முதுகில், தோளில், வாலடியில் என்று வேறு வேறு இடத்தில் கொஞ்சம் மயிரைக் கத்தரித்துவிடுவேன். கழுத்தில் நூல் கட்டுவது ஆபத்து.

தாய்க்கு வருகிற பெரிய ஆபத்து, குட்டிகள் நன்றாகக் கொழுத்து வரும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில். பால் வழியே சுண்ணாம்புச் சத்து வெளியேறி ரத்தத்தில் குறைந்துவிடும். மூச்சிரைப்பு, விறைத்த நடை, நடுக்கம், பிறகு வலிப்பு. சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். உடனே குட்டிகளைப் பிரித்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். கால்சியத்தை அவர் நெஞ்சுத் துடிப்பைக் கவனித்தபடி நரம்பில் மெல்ல ஏற்றுவார். இதைத் தடுப்பதாக நினைத்துச் சினைக் காலத்திலேயே கால்சியம் டானிக்கை ஊற்றுகிற வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அது நேர்மாறான வேலையைச் செய்யும். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிற சுரப்பி ஓய்ந்துவிடும். பால் கொடுக்கிற நேரத்தில் அவசரத்துக்கு எழுந்திருக்காது. சினையில் நல்ல சாப்பாடு, முட்டை, ஈரல், மீன் என்று போடுங்கள். டானிக் வேண்டுமா என்பதைக் குட்டி போட்ட பிறகு மருத்துவர் சொல்லட்டும்.

மடியைத் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காம்பு கல்லாகிச் சுட்டால் மடிநோய். குட்டி போட்ட பிறகு இரண்டு மூன்று வாரம் கசிவு இருக்கும். நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் கருப்பையில் சீழ் என்று பொருள். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது. பிறக்கும்போதே அது உள்ளே இருக்கிறது.

யாருக்காக இவ்வளவும்

2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட நாலு தபால் தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்கு. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு, குட்டி கேட்டு வருகிறவர்கள் பெருகினார்கள். கிராக்கி வந்ததும், ஒரு பொட்டையை ஒவ்வொரு பருவத்துக்கும் விடாமல் இணை சேர்க்கிறவர்களும் வந்தார்கள். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு விதிகள் 18 மாதம் ஆகாத பொட்டையை இணை சேர்க்கக் கூடாது என்கின்றன; எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும், இந்த இரண்டையும் தாய்க்காகவும் குட்டிக்காகவும் கடைப்பிடிக்க வேண்டும். எலும்பு முற்றாத பொட்டையும், போன பேற்றின் இளைப்புத் தீராத பொட்டையும்தான் நடுராத்திரியில் முக்கத் தெம்பில்லாமல் கிடக்கின்றன. நான் பார்க்கப் போகிற சிக்கலான பேறுகளில் பெரும்பாலானவை, குட்டி போடுவதற்கு வெகு முன்னாலேயே, இணை சேர்த்த அன்றைக்கே தொடங்கிவிட்டவை.

நம் நாட்டு இனங்களில் மிச்சம் இருக்கிற நல்ல ரத்தம் கொஞ்சம். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதைப் பார்க்கிறோம். ஒரு நல்ல தாய் பேறுகாலத்தில் செத்தால், அந்த ஈற்றோடு அவள் வழியும் முடிந்துபோகிறது.

குட்டி வாங்கப் போகிறவர்களால் இதில் நிறையச் செய்ய முடியும். போனதும் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் வயசையும், இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது என்பதையும் கேளுங்கள். குட்டியின் எடை எழுதிய தாளைக் கேளுங்கள். தாயைக் காட்டத் தயங்குகிற இடத்தில், தாள் இல்லாத இடத்தில், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் வாருங்கள். இந்தக் கேள்விகளை வருகிறவர்கள் எல்லாரும் கேட்கத் தொடங்கினால், அடுத்த வருஷம் ராத்திரி நோட்டும் கடிகாரமுமாக உட்காருகிற ஆட்கள் இந்தப் பக்கத்தில் தாமாகப் பெருகுவார்கள்.